காலமறிதலும் கருவுறுதலும்

எச்செயலுக்கும் உரிய காலம் ஒன்றுண்டு. பகைமேற் செல்லும் அரசர் இதனை மறவாதிருத்தற்பொருட்டு வள்ளுவனார் காலமறிதல் என ஓரதிகாரமே வகுத்தனர். வித்திடும் உழவரும் கடலோடும் பரதவரும் அதனை நாடோறும் கைக்கொள்கின்றனர். ஆயின், ஓருயிர் கருவாய் உருக்கொள்ளுதற்கும் மிகச் சில மணி நேரமே உரியது என்பதை மருத்துவ நூலார் தெளிந்துகொண்டது அணிமைக் காலத்தேயாம். அத்தெளிவு எவ்வாறு வந்தது, இக்காலத்தில் மருந்து கொடுத்தலும் கருப்பையினுள் விந்து செலுத்துதலும் அதனோடு எவ்வாறு பொருத்தப்படுகின்றன என்பவற்றை இவ்வியாசத்தில் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். மகப்பேறின்றி வருந்தும் இல்லங்கள் நம் உற்றாரிடையேயும் உளவாதலின், இது கூச்சமுற்று ஒதுக்கத்தக்க பொருளன்று.

1866-ஆம் ஆண்டில் மேரியன் சிம்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் நூல் ஒன்று வெளியிட்டனர். அடிமைப் பெண்டிர்மேல் மயக்கமருந்தின்றி அறுவை செய்தமைக்காகப் பிற்காலத்தாரால் வன்மையாகக் கண்டிக்கப்பெறுபவர் இவர். மகப்பேறில்லாத ஆறு பெண்டிர்க்குக் கணவர்தம் விந்தைக் கருவியாற் கருப்பையினுள் தாம் 55 முறை செலுத்தியதாக அவர் கூறுகின்றார். கருவுற்றவர் ஒருவரே, அக்கருவும் நிலைத்திலது. இத்தோல்விக்குக் காரணம் பலவாகலாம். ஆயினும் தலையாயது நாட்கணக்கிற் பிழையே. மாதவிலக்கை ஒட்டியே முட்டை வெளிப்படும் என்பது அக்காலத்து மருத்துவர் பலரின் கொள்கை. பெண் நாய் இனஞ்சேரும் பருவத்தில் குருதி கசிதலைக் கண்டு, மகளிரிடத்தும் அவ்வாறே என அவர் எண்ணினர். எனவே, முட்டை இல்லாத நாட்களிலேயே முயற்சிகள் பலவும் நிகழ்ந்தன. விளைநிலம் பழுதன்று, விதைத்த நாளே பழுதாயிற்று.

இப்பிழையை நீக்கினோர் இருவர். ஜப்பான் நாட்டு நீகாட்டா நகரில் மருத்துவராயிருந்த கியூசாகு ஒகினோ என்பார், வயிற்றில் அறுவை செய்யப்பெற்ற பெண்டிரின் சூலகத்தை நேரே நோக்கி, அதன் நிலையை அவர்தம் விலக்கு நாட்களோடு ஒப்பிட்டு, 1924-இல் தம் முடிபை வெளியிட்டார். ஆஸ்திரியா நாட்டு ஹெர்மன் கினௌஸ் வேறு வழியால் ஆராய்ந்து, சில ஆண்டுகளில் பெரிதும் ஒத்த முடிபிற்கே வந்தார். முட்டை வெளிப்படும் நாள் சென்ற விலக்கினின்று முன்னோக்கி எண்ணத்தக்கதன்று. வரவிருக்கும் விலக்கினின்று ஏறக்குறைய 14 நாள் பின்னோக்கி எண்ணத்தக்கது என்பதே அது. 28 நாட்சுற்று உடையாளுக்கு 14-ஆம் நாளளவிலும், 35 நாட்சுற்று உடையாளுக்கு 21-ஆம் நாளளவிலும் முட்டை வெளிப்படும்.

வெளிப்பட்ட முட்டை கருவுறுந் தகுதியோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரமே. விந்தணுவோ, கருப்பைக் கழுத்தின் சளியில் தங்கி, ஐந்து நாள்வரை உயிரோடிருத்தல் கூடும். ஆகவே விந்தணு முந்திவந்து முட்டைக்காகக் காத்திருத்தலே இயற்கையின் முறை. 1995-இல் அமெரிக்காவில் வில்காக்ஸ் என்பாரும் அவர்தந் துணைவரும் 221 பெண்டிரை ஆராய்ந்து, கருவுறுதற்குரிய நாட்கள் ஆறே எனவும், முட்டை வெளிப்படும் நாளே அவற்றின் இறுதி நாள் எனவும் காட்டினர்.

இனி ஓர் இடர்ப்பாடு தோன்றும். வாராத விலக்கினின்று பின்னோக்கி எண்ணுதல் எங்ஙனம்? சுற்று ஒழுங்காக வாராதவர்க்கு நாட்காட்டி பயன்படாது. உடல் தானே தரும் குறியை நோக்குதல் வேண்டும். முட்டை முதிர்ந்தபின், மூளையின் அடியிலுள்ள பிட்டியூட்டரிச் சுரப்பி எல். எச். என்னும் ஹார்மோனைத் திடீரெனப் பெருகவிடும். அப்பெருக்குத் தொடங்கி 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிப்படும். சிறுநீரில் தோய்க்கும் சோதனைப் பட்டை அப்பெருக்கையே காட்டுகின்றது. அதனைக் கண்ட மறுநாள் விந்து செலுத்துதல் பொருந்தும்.

முட்டை முதிராதவர்க்கு மருந்து வேண்டப்படும். குளோமிஃபீன், லெட்ரோசோல் என்னும் மாத்திரைகள் பெரிதும் வழங்குவன. இவற்றை விலக்குத் தொடங்கிய 2 முதல் 5-ஆம் நாளுக்குள் ஆரம்பித்து, ஐந்து நாள் உட்கொள்ளுமாறு பணிப்பர். சுற்றின் தொடக்கத்தில் ஏன் எனில், முட்டைப்பைகள் பல ஒருங்கே வளரத் தலைப்படுவது அப்பொழுதே. சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைக் குளோமிஃபீன் மூளையினின்று மறைக்கின்றது. லெட்ரோசோல் அதன் ஆக்கத்தையே குறைக்கின்றது. வயலில் நீர் போதாதெனக் கருதி மடையை அகலத் திறப்பான் ஒருவனைப்போல, மூளை முட்டையை வளர்க்கும் ஹார்மோனை மிகுதியாக ஏவுகின்றது. மாத்திரை நின்றபின்னும் அவ்வளர்ச்சி தொடரும். ஏறக்குறைய 10-ஆம் நாள் முதல் ஒலியலைப் படக்கருவியால் முட்டைப்பையை அளந்து நோக்குவர்.

பை 18 மில்லிமீட்டர் அளவிற்கு வளர்ந்தபின், எச். சி. ஜி. என்னும் ஹார்மோனை ஊசியாற் செலுத்துவர். இஃது எல். எச். செய்யும் தொழிலையே செய்வது. இங்கே நாழிகையைத் தேர்பவர் மருத்துவரே. திங்கட்கிழமை இரவு 10 மணிக்கு ஊசி இட்டால், 36 மணி நேரம் கழிந்து புதன்கிழமை காலை 10 மணியளவிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ முட்டை வெளிப்படும். அன்று காலையில் விந்தைக் கழுவித் தூய்மைசெய்து, விரைவுடைய அணுக்களைப் பிரித்து, மெல்லிய குழாயாற் கருப்பையினுள் இடுவர். கழுவாது இட்டால், விந்துநீரிலுள்ள பொருள்கள் கருப்பையை இறுகச் செய்து பெருவலி தரும். இவ்வாறு இடப்பட்ட அணுக்கள் கழுத்துச் சளியிற் பலநாள் தங்குதற்கு வழியில்லை. ஆதலின் இயற்கைக் கூட்டத்தினும் இதற்குக் காலப்பொருத்தம் மிக வேண்டும்.

ஊசி முந்தினால் முட்டை முதிராது. பிந்தினால் உடல் தன் குறியைத் தானே தந்து முட்டை போய்விட்டிருக்கும். பைகள் மூன்றோ மேலோ பெரிதாக வளர்ந்திருப்பின், பல கருக்கள் தங்கித் தாய்க்கும் சேய்க்கும் இடர் விளைக்குமாகலின், அச்சுற்றை நிறுத்திவிடுதலே பெரும்பாலும் நலம். மருத்துவர் மேற்பார்வையின்றி இம்மருந்துகளை உட்கொள்ளலாகாது என்பதற்கு இதுவே காரணம். பின்னும் ஒன்று: ஊசியில் இட்ட எச். சி. ஜி. பத்து நாள்வரையோ சற்று மிகுதியாகவோ உடலில் தங்கும். கருவை அறியும் சோதனை தேடுவதும் அதே பொருளாதலால், இரண்டு வாரத்திற்கு முன்னர்ச் சோதிப்போர் பொய்ம்மகிழ்ச்சி எய்துதல் கூடும்.

இத்துணைக் கணக்கையுங் கேட்டு, ஒரு மணி நேரம் பிழைத்தால் யாவும் போயிற்றென அஞ்சுதல் வேண்டா. ஊசிக்குப்பின் 24 மணி நேரத்திற் செய்தாலும் 36 மணி நேரத்திற் செய்தாலும் பயனில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. மருத்துவமனைக்குச் சிறிது தாழ்த்து வந்தேமென்று தம்மையே நொந்துகொள்ளும் பெண்மணிகட்கு இஃது ஆறுதலாகுக. யாவும் செவ்வனே அமைந்தவிடத்தும் ஒரு சுற்றிற் கருவுறுவோர் நூற்றுவரில் 10 முதல் 20 பேர் வரையே. ஒருமுறை தவறுதல் வியப்பன்று. எவர் குற்றமும் அன்று.

உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் இக்குறையை எய்துகின்றனர். அவற்றுள் ஏறக்குறையப் பாதியில் ஆடவரிடத்தும் காரணம் உண்டு. அங்ஙனமிருக்க, மலடி என்னும் கொடுஞ்சொல் பெண்பாற்கே உரியதாய் நம் தெருக்களில் வழங்கிவந்தது எத்துணை அநீதி! சிம்ஸ் காலத்து அவ்வறுவரிலும், நாளறியாமையால் தோற்று, தம் உடலையே பழித்து மாண்டவர் இருந்திருத்தல் கூடும். அறியாமை மருத்துவருடையது, பழியோ மனையாளுடையதாயிற்று.

மாணாக்கர்காள்! நீவிர் இல்லறம் புகுங் காலத்து, உம் மனையிலோ உம் தமக்கை தங்கையர் மனையிலோ இத்துன்பம் நேரின், கணவனும் மனைவியும் ஒருங்கே மருத்துவரை அடைந்து ஒருங்கே ஆராயப்பெறுமாறு செய்ம்மின். பழிச்சொல் கேட்கப்படும் இடத்தில் வாளா இராது, அறிந்தது உரைம்மின். காலம் அறிதல் மருத்துவர் கடன். காத்திருப்போரைப் பழியாது அவரோடு உடன்காத்திருத்தல் நம் அனைவர்க்கும் கடனாம்.