கூட்டம் போன இடம் – 9: பிரிஸ்டலில் மீந்த டிக்கெட்

சென்ற வாரம் குதிரைப் பந்தயத் திடல்களைப் பார்த்தோம். சூதாட வேறு வழிகள் வந்ததும் அங்கே கூட்டம் தேய்ந்தது என்று ஓரளவு சொல்லிவிட முடிந்தது. அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்துக்கு அப்படி ஒற்றைக் காரணம் கிடைக்காது.

டென்னசி மாநிலத்தின் மலைகளுக்கு நடுவே இருக்கிறது பிரிஸ்டல் பந்தயத் தடம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட வராது. அதைச் சுற்றி அப்போது சுமார் 1,60,000 இருக்கைகள் இருந்தன. 1982 முதல் தொடர்ந்து 55 பந்தயங்களுக்கு ஒரு டிக்கெட்கூட மீந்ததில்லை. அப்பாவின் சீசன் டிக்கெட் மகனுக்குப் போகும். உயிலிலேயே எழுதி வைத்தவர்கள் உண்டு என்பார்கள். 2010 மார்ச்சில் அந்த வரிசை அறுந்தது. அன்றும் லட்சத்துக்கு மேல் கூட்டம்தான். ஆனால் முதல்முறையாக டிக்கெட் மீந்தது.

எல்லோரும் பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டினார்கள். தப்பில்லை. 2008 கோடையில் பெட்ரோல் விலை காலனுக்கு நான்கு டாலரைத் தாண்டியிருந்தது. கேம்பர் வண்டியில் பல நூறு மைல் ஓட்டிவந்து, வார இறுதி முழுக்கத் தங்கிப் பார்க்கிற ரசிகர்கள் இவர்கள். பந்தய நாட்களில் சுற்றுவட்டார விடுதிகளும் வாடகையைக் கண்டபடி ஏற்றின. ஆனால் மந்தம் தீர்ந்த பிறகும் போனவர்கள் திரும்பவில்லையே! 2013 முதல் பார்வையாளர் எண்ணிக்கையை வெளியிடுவதையே நாஸ்கார் நிறுத்திக்கொண்டது. நாஸ்கார் பந்தயங்கள் நடக்கும் டேடோனா தடம் 40 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2016இல் திறந்தபோது, சுமார் 1,47,000 இருக்கைகள் 1,01,500ஆகக் குறைந்திருந்தன. ரிச்மண்ட், டோவர், மிச்சிகன் தடங்களும் ஸ்டாண்டுகளைப் பிரித்தன.

நாஸ்காரில் ஓடும் ஸ்டாக் கார் என்பது ஷோரூமில் விற்கும் காரின் சாயல் கொண்டது. தென்மாநிலங்களில் ஒரு வீடு ஃபோர்டு கட்சி என்றால் பக்கத்து வீடு செவ்ரலே கட்சி. ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கும் கார் திங்கட்கிழமை விற்கும் என்பது டீலர்களின் கணக்கு. 2007இல் பாதுகாப்பை முன்னிட்டு வந்த புது மாடலில் எல்லாக் கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒரே உடம்பு. முகப்பு விளக்கு ஸ்டிக்கரை மாற்றினால் கட்சி மாறிவிடும். காரின் மேலிருந்த மோகமும் வடிந்துகொண்டிருந்தது. 1983இல் 16 வயது அமெரிக்கர்களில் சுமார் 46 சதவீதம் பேரிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. 2014இல் அது 25 சதவீதத்துக்கும் கீழே. நண்பனைப் பார்க்கக் கார் சாவி வேண்டும் என்ற நிலை மாறிவிட்டது.

நாஸ்காரின் சொந்தக் கணக்கும் இதில் சேர்ந்தது. 1979இல் டேடோனா 500 பந்தயம் முழுமையாகத் தொலைக்காட்சியில் நேரலையானது. வடகிழக்கில் பனிப்புயல், ஜனம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த இருவர் மோதிக்கொண்டார்கள்; பிறகு கைகலப்பும் நடந்தது. தெற்கத்தி விளையாட்டை நாடே திரும்பிப் பார்த்தது அன்றுதான். பெரிய நகரங்களின் சந்தை தேவைப்பட்டதால், வட கரோலினாவின் பழைய தடமான நார்த் வில்க்ஸ்பரோ 1996உடன் கைவிடப்பட்டது. அதன் பந்தயத் தேதிகள் டெக்சாசுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் போயின. 2001இல் தேசிய அளவில் ஒட்டுமொத்த டிவி ஒப்பந்தம் வந்தது. அந்தப் பணத்தில் 65 சதவீதம் தடங்களின் முதலாளிகளுக்குப் போனது. ஸ்டாண்ட் காலியாக இருந்தாலும் கல்லா நிறைந்தது. போகிற கூட்டத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய அவசரம் யாருக்கும் வரவில்லை.

பிரிஸ்டலில் டிக்கெட் மீந்த அதே மாதம், கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் நாஸ்காரின் டிரக் பிரிவில் அறிமுகமானார். ஆண்டு முடிவில் அந்தப் பிரிவின் மக்கள் அபிமான ஓட்டுநராகவும் ரசிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இணையத்தில் வாக்குப் போட டிக்கெட் வாங்கத் தேவையில்லை. அபிமானம் இணையத்துக்கு இடம் மாறிவிட்டதன் அடையாளம் இது.

பிரிஸ்டலை மக்கள் வெறுத்துவிட்டார்களா? 2016 செப்டம்பரில் அதே அரங்கின் நடுவே இரண்டு கல்லூரி அணிகள் அமெரிக்கக் கால்பந்து ஆடின. வந்தவர்கள் 1,56,990 பேர்; கல்லூரிக் கால்பந்தில் சாதனை. 2023இல் நார்த் வில்க்ஸ்பரோ மீண்டும் உயிர்பெற்று ஆல்-ஸ்டார் பந்தயம் நடந்தபோது அதுவும் நிரம்பியது. கும்பாபிஷேகத்துக்கு ஊரே திரளும்; நித்திய பூஜைக்குக் குருக்கள் மட்டும்தான் நிற்பார்.

நாஸ்கார் இழந்தது ரசிகர்களை என்பதைவிட, அவர்களின் வழக்கத்தை என்பதே சரி. அந்த வழக்கம் ஊரோடும் வீட்டு வாசலில் நின்ற காரோடும் கட்டப்பட்டிருந்தது. ஆண்டுக்கு 36 பந்தயங்கள் நடத்துகிறவர்கள், ஒவ்வொன்றையும் வாழ்நாளில் ஒருமுறை வரும் விசேஷமாக விற்க முடியாது. முயற்சி மட்டும் நடக்கிறது: தடத்துக்கு ஜனம் வராவிட்டால் ஜனம் இருக்கும் தெருவுக்கே தடத்தைக் கொண்டுபோவது. சிகாகோவில் நடந்த அந்தப் பரிசோதனை அடுத்த வாரம்.

(தொடரும்)