காவல் நாய்க்கு நிலையான அடையாளம்
மைக்ரோசிப் பொருத்தும் முறையும் அதன் பயனும்

ஆடு மாடுகளுக்கு அடையாளம் இடும் வழக்கம் நமது விவசாயிகளுக்குப் புதியதன்று. மாட்டின் தொடையில் சூட்டுக்குறி இடுவதும், ஆட்டின் காதில் வெட்டுக்குறி செய்வதும், கொம்பில் வர்ணம் பூசுவதும் நெடுநாளாக நடந்து வருபவை. மந்தையில் கலந்துவிட்ட பிராணியைப் பிரித்தெடுக்கவும், சந்தையில் களவு மாட்டைக் கண்டுபிடிக்கவும் இக்குறிகளே துணையாயிருந்தன. ஆனால் இரவெல்லாம் விழித்திருந்து களத்தையும் கிடையையும் காக்கும் நாய்க்கு மாத்திரம் அடையாளம் இடுவார் அரியர். கழுத்தில் ஒரு தோல்வார், அதில் ஒரு மணி, இவ்வளவே. அவ்வார் அறுந்து விழுந்தாலும், திருடன் அதைக் கழற்றி எறிந்தாலும், நாய் யாருடையதென்று சொல்லத்தக்க சாட்சி யாதும் மிஞ்சுவதில்லை.

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நம் நாட்டு ஜாதி நாய்கள் நல்ல விலை பெறுவன. ஆகவே அவை களவு போவதும் உண்டு. இராஜபாளைய நாய் பெரும்பாலும் முழு வெள்ளையாயிருக்கும். ஓர் ஊரில் காணாமற்போன வெள்ளை நாய், பத்து மைலுக்கப்பால் வேறொருவர் தோட்டத்தில் கட்டப்பட்டிருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். இருவரும் தம்முடையதென்று வாதிப்பர். பெயர் சொல்லி அழைத்தால் வருமென்பது போதிய சாட்சியாகாது. சில மாதம் சோறிட்ட கைக்கும் நாய் வாலாட்டும். நிறம், உயரம், காதின் அமைப்பு ஆகியவற்றைக்கொண்டு தீர்ப்புச் சொல்லுவது கிராம அதிகாரிக்கு எளிதன்று. முடிவில் நாய் வலியவன் கையிலேயே தங்கிவிடும்.

மாடு தப்பிப் பிறர் பயிரில் மேய்ந்தால், 1871-ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டப்படி அதனைப் பட்டியில் அடைக்கலாம். ஏழு நாட்களுக்குள் உடையவர் வராவிடில் போலீஸாருக்குத் தகவல் சென்று, அவ்வூரிலும் அருகிலுள்ள சந்தையிலும் அறிவிப்புச் செய்யப்படும். அதன்பின் மேலும் ஏழு நாள் கழித்தே ஏலம் விடப்படும். நாய்க்கோ அச்சட்டத்தில் இடமில்லை. ஆதலால் அதன் அடையாளத்தை உடையவரே முன்கூட்டி உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும்.

சிப்பின் அமைப்பு

மைக்ரோசிப் என்பது ஓர் அரிசி மணியளவான கண்ணாடிக் குப்பி. சுமார் 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் குறுக்களவும் உடையது. அதனுள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும், எண் பதிந்த நுண்ணிய மின் சில்லும் இருக்கின்றன. பாட்டரி கிடையாது. ஸ்கானர் என்னும் கைக்கருவியை அருகில் கொண்டுவரும்போது, அதிலிருந்து வரும் ரேடியோ அலையினாலேயே சுருளில் மின்சாரம் உண்டாகி, சில்லு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். பாட்டரி இன்மையால் தீர்ந்துபோவதற்கும் ஒன்றுமில்லை. நாயின் ஆயுள் முழுதும் பயன்படும்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே நீக்குதல் அவசியம். நாய் எங்கே திரிகிறதென்று இச்சிப் காட்டாது. சில அங்குல தூரத்தில் ஸ்கானர் வந்தாலன்றி அது பேசாது. அதில் உடையவர் பெயரோ விலாசமோ இல்லை. 15 இலக்கமுள்ள ஓர் எண் மாத்திரமே உண்டு. சர்வதேச ஒழுங்குமுறைப்படி செய்யப்பட்ட சிப்புகள் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையில் இயங்குவன. வேறு அலையில் இயங்கும் சிப்புகளைச் சில ஸ்கானர்கள் படிக்கமாட்டா. ஆகையால் ஐ.எஸ்.ஓ. 11784, 11785 என்னும் விதிகளுக்கு உட்பட்டதா என்று கேட்டறிந்தே பொருத்தச் செய்யவேண்டும்.

பொருத்தும் விதம்

இவ்வேலையைக் கால்நடை மருத்துவரைக் கொண்டே செய்வித்தல் நன்று. முதலில் நாயின் உடல் முழுவதும் ஸ்கானரைச் செலுத்தி, முன்னமே சிப் உள்ளதா என்று பார்க்கவேண்டும். விலைக்கு வாங்கிய நாயாயின் இது மிகவும் முக்கியம். களவு நாயை அறியாமல் வாங்கினவர் அப்போதே உண்மையை அறிந்துகொள்ளலாம். பிறகு புதிய சிப்பைப் படித்து, உறையில் அச்சிட்ட எண்ணோடு ஒத்துப்பார்த்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியினால் செலுத்துவர். தடுப்பூசிக்குரிய ஊசியைவிட இது சற்றுப் பருமனானது. ஆயினும் மயக்க மருந்து வேண்டுவதில்லை. செலுத்தியபின் மறுபடியும் ஸ்கானரால் படித்து உறுதி செய்யவேண்டும்.

சில பிராணிகளில் சிப் நாளடைவில் தோளுக்கோ முன்னங்காலுக்கோ நகர்ந்துவிடுவதுண்டு. ஆதலால் பிடிபட்ட நாயைச் சோதிப்பவர்கள் முதுகில் மாத்திரம் பார்த்து விட்டுவிடாமல், விலா, தோள், கால்கள் எல்லாவற்றின் மீதும் ஸ்கானரை மெதுவாகச் செலுத்தவேண்டும்.

பதிவே உயிர்நாடி

சிப் பொருத்தியதோடு காரியம் முடிந்ததென்று இருந்துவிடுவது பெரும் பிழை. எண்ணுக்கு எதிரே உடையவர் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு பதிவேட்டில் ஏறியிருந்தாலன்றிப் பயனில்லை. அமெரிக்காவில் 53 பிராணிக் காப்பகங்களிற் செய்து 2009-ஆம் வருஷம் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி இதனை நன்கு விளக்குகிறது. காப்பகத்துக்கு வந்த தெரு நாய்கள் அனைத்திலும் உடையவரிடம் திரும்பியவை நூற்றுக்கு 21.9; சிப் உள்ள நாய்களிலோ 52.2. பூனைகளில் இவ்விகிதம் 1.8-லிருந்து 38.5 ஆக உயர்ந்தது. சிப் பொருத்துவோர் இயல்பாகவே கவனமுள்ளவராயிருப்பர் என்பதனால், இவ்வுயர்வு முழுவதையும் சிப்புக்கே உரியதாக்கலாகாது. எனினும் பயன் தெளிவு.

சிப் இருந்தும் உடையவரைக் கண்டுபிடிக்கக் கூடாமற்போனதற்குக் காரணங்களையும் அவ்வாராய்ச்சி எடுத்துக்காட்டிற்று. மூன்றில் ஒரு பங்குக்கு மேல், தொலைபேசி எண் தவறாகவோ துண்டிக்கப்பட்டோ இருந்தது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கில் சிப் எங்குமே பதியப்படவில்லை. ஆகவே தொலைபேசி எண்ணை மாற்றினவர் அன்றே பதிவையும் மாற்றவேண்டும். நாயை விற்பவர் பதிவை வாங்குபவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும். வாங்குபவர் விற்பனை ரசீதில் சிப் எண்ணை எழுதி வாங்கி, அதைப் பத்திரப்படுத்தவேண்டும். வழக்கு நேர்ந்தால் சிப்பும் ரசீதும் சேர்ந்தே பலம் தரும்.

பிற நாடுகளிலும் நம்மிடத்தும்

இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் நாய்களுக்கும், 2024 ஜூன் முதல் பூனைகளுக்கும் சிப் கட்டாயம். நியூசிலாந்தில் 2006 ஜூலை முதல், புதிதாகப் பதிவு பெறும் நாய்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. ஆடு மாடு ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கும் பண்ணை நாய்களுக்கு மாத்திரம் விலக்கு அளித்தனர். நம்மிடத்தில் சென்னை மாநகராட்சி 2025-ஆம் வருஷத்தில் வளர்ப்பு நாய்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. கிராமங்களில் விவசாயிகள் தாமாகவே முன்வந்து செய்வது விரும்பத்தக்கது.

மாடுகளுக்கு நம் நாட்டில் 12 இலக்க எண் பொறித்த காதுவில்லை இடப்பட்டு வருகிறது. தடுப்பூசி, சினை ஊசி, இன்ஷூரன்ஸ் யாவும் அவ்வெண்ணின்பேரிலேயே பதியப்படுகின்றன. இன்ஷூரன்ஸ் செய்த மாடு இறந்துபோனால், காதுவில்லை இன்றிப் பணம் கிடைப்பது அரிது. ஆதலால் வில்லை அறுந்து விழுந்தால் காலதாமதமின்றி மருந்தகத்தில் தெரிவித்துப் புதிய வில்லை இடுவித்துக்கொள்ளவேண்டும். வில்லை கண்ணுக்குத் தெரியும். ஆனால் களவாளி அதை அறுத்தெறியலாம். சிப் மறைந்திருப்பது, ஆனால் ஸ்கானரின்றி அதைப் படிக்க இயலாது. இதனாலேயே நாய்க்குச் சிப் பொருத்தியபின்னும் கழுத்துவாரில் தொலைபேசி எண் எழுதிய தகடு கட்டுவது நன்று. ஸ்கானர் இல்லாத வழிப்போக்கனும் அதைப் படித்துச் செய்தி சொல்லக்கூடும்.

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்தபின் காது நுனியில் இடும் வெட்டுக்குறி, உரிமையைக் காட்டுவதன்று என்பதையும் கிராம அதிகாரிகள் நினைவிற் கொள்ளவேண்டும்.

சிப்பினால் வேறொரு நன்மையும் உண்டு. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றில் சிப் எண் எழுதப்பட்டால், அச்சான்று அந்த நாய்க்கே உரியதென்பதில் ஐயமிராது. நாய் ஒருவரைக் கடித்தவிடத்து, அதற்கு ஊசி போட்டுள்ளதா என்பதை உடனே அறியலாம். கடியுண்டவர் எவ்வாறாயினும் காயத்தைச் சவுக்காரமும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

ஆகவே விவசாயிகள், நாய்க்கு அடுத்த தடுப்பூசி போடச் செல்லும்போதே சிப்பைக் குறித்தும் மருத்துவரிடம் விசாரித்து, எண்ணை வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைப்பார்களாக. கிராம அதிகாரிகள், உரிமை வழக்குடன் வரும் நாயை முதலில் ஸ்கானர் உள்ள மருந்தகத்துக்கு அனுப்பிச் சோதித்த பின்னரே விசாரணையைத் தொடங்குவார்களாக. வருஷக்கணக்காய் வாசலைக் காத்த பிராணி, வழி தவறிய ஒரே காரணத்தால் அந்நியன் வாசலில் கிடந்து மாளாமல், தன் வீட்டுக்கே திரும்பி வர இச்சிறிய ஏற்பாடு பெரிதும் உதவும்.