மோட்டார் வண்டியின் ஹீட்டரும் காற்று விசிறியும்

நீலகிரி ஜில்லாவில் காரட், உருளைக்கிழங்கு முதலியன பயிரிடுவோர் இரவிலும் விடியற்காலையிலும் பாரவண்டிகளுடன் மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்குவதுண்டு. உதகமண்டலம் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. மார்கழி, தை மாதங்களில் அங்கே உறைபனி விழும். அவ்வேளையில் மூடிய வண்டிக்குள் மூவர் அமர்ந்திருப்பின், அவர்களுடைய மூச்சின் ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து எதிர்வரும் வண்டியை மறைத்துவிடுகிறது. ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறு கையால் கொண்டையூசி வளைவைத் திருப்புதல் பேரபாயமாகும். இதற்குப் பரிகாரமான சாதனம் பல வண்டிகளில் இருந்தும், அதனைக் கையாளும் முறை எல்லோருக்கும் தெரிவதில்லை.

ஹீட்டர் தானாக உஷ்ணத்தை உண்டாக்குவதன்று. இஞ்சினில் பிறக்கும் உஷ்ணத்தில் ஒரு பங்கே சக்கரத்தை ஓட்டுகிறது. எஞ்சியதில் பெரும் பகுதி புகையுடனும், இஞ்சினைக் குளிர்விக்கும் ஜலத்துடனும் வெளியேறுகிறது. அந்த ஜலத்தில் ஒரு கிளை, ரப்பர் குழாய்களின் வழியாக டிரைவருக்கு முன்னுள்ள பலகையின் பின்புறத்தில் அமைந்த சிறு ரேடியேட்டருக்குட் சென்று திரும்புகிறது. விசிறி அதன்மீது வீசும் காற்றே சூடாகி வருகிறது. கரும்புச் சக்கையை எரித்தே சாற்றைக் காய்ச்சும் சிக்கனத்தை ஒத்தது இது. ஆகையால் இஞ்சின் சூடேறுமுன் விசிறியைச் சுழற்றினால் குளிர்காற்றே வரும். முள் சற்று ஏறும்வரை பொறுத்தல் வேண்டும்.

நீலமும் சிவப்பும் தீட்டிய திருகு, சில வண்டிகளில் சுடுஜலத்தின் வால்வைத் திறந்து மூடும். வேறு பலவற்றில் மடைப்பலகைபோல் ஒரு தகட்டை அசைத்துக் குளிர்காற்றையும் சூடான காற்றையும் கலக்கும். மற்றொரு திருகு காற்றைப் பாதத்திற்கோ, முகத்திற்கோ, கண்ணாடிக்கோ செலுத்தும். இவற்றினும் முக்கியமானது வெளிக்காற்றா, உட்காற்றா என்று தெரிந்தெடுக்கும் பொத்தான். குளிருக்கு அஞ்சி உட்காற்றில் வைப்போர் தம் மூச்சின் ஈரத்தையே மீண்டும் மீண்டும் கண்ணாடிக்கு அனுப்புகின்றனர். கண்ணாடி மங்கும்போது வெளிக்காற்று, சிவப்பு முனை, கண்ணாடித் துவாரம், விசிறியின் மிகு வேகம் என்று வைத்தலே முறை. ஏர்கண்டிஷனரையும் உடன் இயக்கினால் காற்று ஈரமிழந்து வருமாதலால் கண்ணாடி விரைவில் தெளியும்; மிகு குளிரில் அது இயங்காமலும் போகலாம்.

நிற்க, விசிறியின் வேகம் பல வண்டிகளில் 4 படிகளாக உள்ளது. கீழ்ப்படிகளில் மின்சாரம் ரெஸிஸ்டர் என்னும் தடைக்கம்பிகளின் வழியே குறைந்து செல்லும். கடைசிப் படியில் அவற்றைத் தவிர்த்து நேரே செல்லும். ஆகவே கடைசி வேகம் மட்டும் வேலை செய்யுமாயின் பழுது பெரும்பாலும் ரெஸிஸ்டரிலேயே. மோட்டார் முழுவதையும் மாற்றவேண்டும் என்று பட்டறையில் கூறினால் உடனே இசைதல் வேண்டா. எந்த வேகமும் இல்லையெனில் முதலில் பியூஸைப் பார்க்கவேண்டும்.

இஞ்சின் சூடேறிய பின்னும் குளிர்காற்றே வந்தால் கூலண்ட் குறைந்திருக்கக் கூடும். தித்திப்பான வாசனையும் கண்ணாடியில் பிசுக்கும் தோன்றினால் உள்ரேடியேட்டர் கசிகிறது என்று கொள்ளலாம். மலையேறுகையில் இஞ்சின் மிதமிஞ்சிக் கொதித்தால், ஏர்கண்டிஷனரை நிறுத்தி ஹீட்டரையும் விசிறியையும் முழுமையாகத் திறந்துவிடுவது, வண்டியை ஓரத்தில் நிறுத்தும்வரை ஓரளவு உதவும். சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறத்தலாகாது. மூடிய கொட்டகையில் இஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் சூட்டில் உறங்குதல் உயிருக்கே அபாயம். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவிற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.