தடைக்குன்றும் நம் வன்னியும்

வன்னியரசர் பற்றிய பாடம் நிகழுங்காலத்து, "ஐயா, ஊரிலே சொல்லும் கதை மெய்யா, நூலிலே உள்ளது மெய்யா?" என்று ஒரு மாணவன் நம்மை வினவினான். அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவு தரவில்லை. பின்னர், சிங்கப்பூரில் வாழும் நம் பழைய மாணவர் சிலரது அழைப்பை ஏற்று அங்குச் சென்றபோது, ஒரு குன்றின்மீது அவ்வினாவிற்கு ஓரளவு தெளிவு பெற்றோம். அதனை இவ்விழா மலரின் வாயிலாக அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

சிங்கப்பூர் நகரின் நடுவே ஏறத்தாழ 48 மீற்றர் உயரமுடைய சிறு குன்றொன்று உளது. கானிங் கோட்டைக் குன்று என்பது அதன் இக்காலப் பெயர். அதன் அயலிலேதான், நாட்டுக்கோட்டை நகரத்தார் 1859 ஆம் ஆண்டிலே எடுப்பித்த டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் அமைந்துள்ளது. முருகப்பெருமானை வணங்கிய பின் குன்றின்மீது ஏறினோம். சரிவிலே, மரத்தூண்கள் தாங்கும் திறந்த மண்டபத்தின் கீழ், ஒரு கல்லறை காணப்படுகின்றது. இத்தகைய தூய இடத்தை மலாய் மக்கள் 'கெராமாட்' என்பர். பண்டைச் சிங்கபுரத்தின் மன்னன் இஸ்கந்தர் ஷா அடங்கிய இடம் இதுவே என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

'செஜாரா மெலாயு' என்னும் மலாய் நூல் அம்மன்னனது குலமுறையைக் கூறுகின்றது. ராஜா சூலன் என்னும் பேரரசன் கண்ணாடிப் பெட்டியிலே கடலுள் இறங்கிக் கடலரசன் மகளை மணந்தான் என்பதும், அவன் வழிவந்த நீல உத்தமன் இத்தீவிலே கண்ட விலங்கினைச் சிங்கமெனக் கொண்டு சிங்கபுரம் எனப் பெயரிட்டான் என்பதும் அக்கதை. சூலன் என்பது சோழன் என்பதன் திரிபாகலாம் என அறிஞர் கருதுவர். இராசேந்திர சோழன் 1025 ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேற் கடற்படை செலுத்தியமை கல்வெட்டாற் பெறப்படுவது.

1819 இல் ஆங்கிலேயர் வந்திறங்கியபோது, மலாய் மக்கள் இதனைப் 'புக்கிட் லாரங்கான்', அதாவது தடைக்குன்று, என்றே வழங்கினர். பண்டை மன்னரின் மாளிகைகள் இருந்த இடமாதலின் எவரும் ஏறலாகாது என்றும், பறையொலியும் மக்கள் ஆரவாரமும் அங்கே கேட்குமென்றும் அவர்கள் கூறியதை முன்ஷி அப்துல்லா எழுதிவைத்துள்ளார். அவரது முன்னோருள் நாகூர்த் தமிழரும் உளர் என்பது நமக்கு உவகை தருவது. பாகுவார் என்னும் அதிகாரி மலாக்காவிலிருந்து வந்தோரைக் கொண்டே பீரங்கியை மேலேற்றி வெடிக்கச் செய்தார். 1822 இல் அங்கு வந்த குரோபேட் செங்கல் அடித்தளங்களைக் கண்டதோடு, இசுலாமியர், இந்துக்கள், சீனர் ஆகிய மூவகையினரும் அக்கல்லறையை வழிபடுவதையும் குறித்துள்ளார்.

இனி, இக்கதையின் மெய்ம்மையை ஆராய்வாம். மயபாகித்துப் படைக்கு ஆற்றாது இஸ்கந்தர் இத்தீவை நீங்கி மலாக்காவை நிறுவினான் என்று அதே நூல் கூறுகின்றது. அங்ஙனமாயின் அவன் கல்லறை இங்கு எங்ஙனம் அமையும்? எனவே அடங்கியவர் யார் என்பது ஐயத்திற்கு உரியதே. ஆயினும், 1928 இல் நீர்த்தேக்கத்திற்காக நிலத்தை அகழ்ந்தோர் சாவக மரபிலமைந்த பொன்னணிகளைக் கண்டனர். 1984 இல் தொல்லியலறிஞர் ஜோன் மிக்சிக் கல்லறையின் அருகே அகழ்ந்தபோது, 14 ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் வெளிப்பட்டன. மன்னர் வாழ்ந்த குன்று என்ற கதை மெய்யாயிற்று. இன்ன மன்னனது கல்லறை என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஒரே கதையுள் இவ்விரண்டும் இருந்தன.

இதனை நம் வன்னிக்குப் பொருத்திப் பார்ப்போமாக. ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல், 1803 ஒற்றோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று கூறிற்று. அன்றே அவ்வீரன் அங்கு வீழ்ந்தான் என்பர் ஊரார். கல் கூறியது தோல்வியை, இறப்பையன்று. அவன் பின்னரும் வாழ்ந்தான் என்பாரும் உளர். கல்லின் கூற்றையும் ஊரின் கூற்றையும் ஒன்றோடொன்று கலவாது, இரண்டையும் பேணுதல் நம் கடன்.

அக்கடன் இன்று விரைந்து ஆற்றற்பாலது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊரூராகப் பெயர்ந்தனர். எக்குளத்தை யார் கட்டினார், எந்தப் பிட்டியிலே யார் அடங்கினார் என்று அறிந்திருந்த முதியோர் பலர் மீண்டு வந்திலர். எஞ்சியிருப்போரும் ஆண்டுதோறும் குறைகின்றனர். மாணவர்காள்! உங்கள் அப்பு, ஆச்சியிடம் கேளுங்கள். சொன்னவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றோடு அவர் சொன்னபடியே எழுதுங்கள்; அழகுக்காக ஒன்றும் கூட்டாதீர்கள். புதையல் கருதிப் பழைய மேடுகளை எவரும் தோண்ட இடங்கொடாதீர்கள். கலைந்த மண் பின்னர்ச் சான்று கூறாது. கடல்கடந்து வாழும் பழைய மாணவர்களும் தாம் கேட்டு வளர்ந்த கதைகளை எழுதிக் கல்லூரி நூலகத்திற்கு அனுப்புவாராக.

அம்மாணவனுக்கு நாம் இன்று கூறும் விடை இது: தம்பி, கதை இடத்தைக் காட்டும், ஆளையும் ஆண்டையும் ஏடும் மண்ணுமே காட்டவேண்டும். கதை அழிந்துவிடின் எங்கே தேடுவது என்பதையே அறியமாட்டோம்.