ஜீயா, ஹெச்சா? ஜான் கிப்ளிங்கின் கல்லறை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முதல் உலகப்போர்க் கால ராணுவ வரைபடங்களோடு போனது. "இதுக்கு யாராவது காசு குடுக்கறாங்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். இல்லைதான். ஆனால் ஆபீஸில் பக் தேடியே இருபது வருஷம் ஓட்டியவனுக்கு, ஒரே ஒரு எழுத்து மாறியதால் ஒரு பையனின் கல்லறை எழுபது வருஷத்துக்கு மேல் பெயரில்லாமல் கிடந்தது என்று படித்தால் சும்மா இருக்க முடியுமா?

அந்தப் பையன் ஜான் கிப்ளிங். 'ஜங்கிள் புக்' எழுதிய ருட்யார்ட் கிப்ளிங்கின் ஒரே மகன்.

அப்பாவைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். 1865-ல் பம்பாயில் பிறந்தவர், லாகூரில் பத்திரிகை வேலை பார்த்தவர், 1907-ல் இலக்கியத்துக்கான நோபல் வாங்கியவர். அம்மா கேரி அமெரிக்கர். இவர்களுக்கு மூன்று குழந்தைகள். மூத்தவள் ஜோசபின். அப்பாவுக்கு உயிர். பின்னாளில் 'ஜஸ்ட் ஸோ' கதைகளாக அச்சில் வந்தவற்றில் சில, முதலில் அவளுக்குத் தூங்கும் நேரத்தில் சொன்ன கதைகள். 1899-ல் நியூயார்க் போன இடத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் நிமோனியா. அப்பா பிழைத்துக்கொண்டார், ஆறு வயது ஜோசபின் போய்விட்டாள். மிச்சம் இருந்தது எல்சியும் கடைக்குட்டி ஜானும். ஒரு பிள்ளையை ஏற்கெனவே பறிகொடுத்த வீடு என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஜான் பிறந்தது 17 ஆகஸ்ட் 1897, இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில். அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்த சொத்துகளில் ஒன்று கிட்டப்பார்வை. அதுவும் ரொம்ப மோசமான கிட்டப்பார்வை. முதலில் கடற்படைக் கனவு, கண்ணாடியால் அது போயிற்று. 1914 ஆகஸ்டில் போர் வெடித்தது. தரைப்படைக்கு முயன்றான், கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். மறுபடி முயன்றான், மறுபடி அதே பதில்.

இங்கேதான் சிபாரிசு வருகிறது. நம்மூர் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எல்லா ஊரிலும் உண்டு போல. ருட்யார்டின் பழைய நண்பர் ஃபீல்ட் மார்ஷல் லார்ட் ராபர்ட்ஸ். இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தவர், அப்போது ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் கௌரவ கர்னல். ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. பதினேழு வயது முடிகிற நேரத்தில் ஜான் செகண்ட் லெப்டினன்ட் ஆனான். அயர்லாந்தோடு பெரிய சம்பந்தம் எதுவும் இல்லாத பையன் ஐரிஷ் கார்ட்ஸில்!

"மகனைச் சாகக் கொடுத்த அப்பா" என்று இதை ஒரே வரியில் முடிப்பவர்கள் நிறைய. எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. ருட்யார்ட் மேடைமேடையாக ஏறி ஊரார் பிள்ளைகளைப் போருக்கு அழைத்தவர். தன் பிள்ளை மட்டும் கண்ணாடியைச் சாக்குச் சொல்லி வீட்டில் இருப்பதை அவரால் தாங்கியிருக்க முடியாது. அது உண்மை. ஆனால் பையனும் துடித்துக்கொண்டுதான் இருந்தான். அம்மாவும் விலகி நிற்கவில்லை. நம் பிள்ளையைக் காப்பாற்ற அக்கம்பக்கத்தார் பிள்ளைகள் சாவதா என்கிற பொருளில் கேரி தன் தாய்க்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று பேரும் சேர்ந்து எடுத்த முடிவு இது. பழி மட்டும் பிரபலமானவர் தலையில் விழுந்திருக்கிறது. அவரும் அதைச் சுமந்துகொண்டுதான் மிச்ச வாழ்க்கையை ஓட்டினார்.

ஒரு வருஷம் பயிற்சி. 1915 ஆகஸ்டில், பதினெட்டாவது பிறந்தநாளை ஒட்டி, ஜான் பிரான்சுக்குப் போனான். அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஹாஸ்டல் பையன் எழுதுவது மாதிரியேதான் இருக்கும். அது வேண்டும், இது வேண்டும் என்று பட்டியல். அதில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. கழுத்தில் மாட்டும் அடையாள வில்லையைத் தொலைத்துவிட்டேன், புதிதாக ஒன்று செய்து அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கேட்கிறான்.

செப்டம்பர் 25-ல் லூஸ் என்ற ஊரைச் சுற்றிப் பெரிய தாக்குதல் தொடங்கியது. பிரிட்டிஷ் படை முதன்முதலாக விஷவாயு பயன்படுத்திய சண்டை இது. 27-ஆம் தேதி ஜானின் பட்டாலியன் சுண்ணாம்புக் குழி ஒன்றை ஒட்டிய காட்டைப் பிடிக்கப் போனது. அதற்குப் பின் அவன் திரும்பவில்லை. வயது 18 வருஷம், 41 நாள்.

வீட்டுக்கு வந்த தகவல் 'காயம், காணவில்லை' என்பதுதான். இந்த 'காணவில்லை' இருக்கிறதே, அது மரணச் செய்தியைவிடக் கொடுமை. ருட்யார்டும் கேரியும் பிழைத்து வந்த சிப்பாய்களைத் தேடித் தேடிப் போய் விசாரித்தார்கள். விமானத்திலிருந்து ஜெர்மன் எல்லைக்குள் துண்டுப் பிரசுரம்கூடப் போடப்பட்டது. உடல் கிடைக்கவில்லை. 1917-ல் ருட்யார்ட் போர்க் கல்லறை ஆணையத்தில் உறுப்பினரானார். ஆள் தெரியாத வீரர்களின் கல்லறையில் என்ன பொறிப்பது என்ற கேள்விக்கு, 'கடவுளுக்குத் தெரிந்தவர்' என்ற பொருளில் வரும் வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். மகன் இருந்த படைப்பிரிவின் வரலாற்றையும் இரண்டு தொகுதிகளாக எழுதினார், 1923-ல் வெளிவந்தது. அதில் ஜானுக்குக் கிடைத்த இடம், மற்ற அதிகாரிகளோடு சேர்த்துப் போகிற போக்கில் ஒரு குறிப்பு. அவ்வளவுதான்.

இனி பக்குக்கு வருவோம்.

1919-ல் பழைய போர்க்களங்களிலிருந்து உடல்களைத் தோண்டியெடுத்து முறையான மயானங்களுக்கு மாற்றினார்கள். அப்படி ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினன்ட் ஒருவரின் உடல் செயின்ட் மேரீஸ் மயானத்துக்கு வந்தது. பெயர் இல்லை. கண்டெடுத்த இடம் என்று படிவத்தில் எழுதியது: ஜி25.சி.6.8.

அந்தக் கால ராணுவ வரைபடத்தில் ஒவ்வொரு தாளையும் 6000 கஜ அகலமுள்ள எழுத்துச் சதுரங்களாகப் பிரிப்பார்கள். அதற்குள் 1000 கஜ எண் சதுரங்கள். ஒவ்வொன்றும் ஏ, பி, சி, டி என நாலு. கடைசி இரண்டு இலக்கமும் 50 கஜத் துல்லியத்துக்கு இடம் காட்டும். அழகான முறை, ஆனால் ஒரு சிக்கல். கடைசி இலக்கம் தவறினால் 50 கஜம்தான் தள்ளிப்போகும். முதல் எழுத்து தவறினால் ஐந்தரை கிலோமீட்டர் போய்விடும். டேட்டா என்ட்ரி பார்த்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

ஜி25 இருப்பது பிரிட்டிஷ் முன்னணிக்குப் பின்னால். அங்கே ஐரிஷ் கார்ட்ஸ் சண்டையே போடவில்லை. 1992-ல் ஆணையத்தில் ஆவணங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இது உறுத்தியது. ஜி-க்குப் பதில் ஹெச் போட்டுப் பார்த்தார். ஹெச்25, அந்தச் சுண்ணாம்புக் குழிப் பக்கமே வந்து நின்றது. லூஸில் இறந்து, கல்லறை தெரியாமல் போன ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினன்ட் யார் என்று கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சியது ஜான் மட்டும். கல்லை மாற்றினார்கள்.

எல்லாரும் ஏற்கவில்லை. 1998-ல் டோனி, வால்மாய் ஹோல்ட் தம்பதி ஒரு புத்தகமே எழுதி மறுத்தார்கள். ஜானின் பதவி உயர்வு அரசிதழில் வந்தது நவம்பரில். இறக்கும்போது அவன் தோளில் ஒரு நட்சத்திரம்தானே இருந்திருக்கும், கிடைத்த உடல் லெப்டினன்டுடையது ஆயிற்றே என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அரசிதழ் உத்தரவே உயர்வை ஜூன் மாதத்திலிருந்து முன்தேதியிட்டுத்தான் கொடுக்கிறது. காகிதம் தாமதமாக வருவதும், அதற்கு முன்பே நட்சத்திரத்தைக் குத்திக்கொள்வதும் போர்க்காலத்தில் நடக்கக்கூடியதுதான். பிறகு ஆவணங்களை மறுபடி அலசிய கிரஹாம் பார்க்கர், ஜோவானா லெக் இருவரும் ஆணையம் சொன்னதே சரி என்ற முடிவுக்கு வந்தார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

1992 வரை அந்தக் கல்லில் மகன் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தது அப்பா எழுதிக் கொடுத்த வாசகம். ருட்யார்ட் 1936-ல் இறந்தார், கேரி 1939-ல். எல்சி 1976-ல், குழந்தைகள் இல்லாமல். கல்லை மாற்றிய அன்று தகவல் சொல்ல அந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை.