பதநீர்த் தொழில்: ஓராண்டுக் கணக்கும் வருங்காலத் திட்டமும்

பனங்கருப்பட்டி காய்ச்சும் தொழில் வருஷம் முழுவதும் நடைபெறுவதன்று. தை, மாசி மாதங்களில் பாளை சீவத் தொடங்கி, பங்குனி, சித்திரை, வைகாசியில் மும்முரமாக நடந்து, ஆடிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. தூத்துக்குடி, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி முதலிய ஜில்லாக்களில் பனை வைத்திருக்கும் குடியானவர்கள் இதை நன்கறிவார்கள். ஆவணி முதல் மார்கழி வரையிலுள்ள ஐந்து மாதங்களே சென்ற பருவத்தின் கணக்கைப் பார்ப்பதற்கும், வரும் பருவத்திற்குத் திட்டம் வகுப்பதற்கும் உரிய காலமாகும்.

பருவம் முடிந்ததும், "இவ்வருஷம் லாபம் குறைவு" என்று பொதுவாகச் சொல்லிவிடுவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. நஷ்டம் எவ்விடத்தில் உண்டாயிற்று என்று கண்டறிதல் வேண்டும். இத்தொழிலில் நஷ்டம் புகும் வாயில்கள் நான்கு: கலயம், அடுப்பு, பரண், மரம்.

கலயம்

பாளையினின்று வடியும் சாறு இயல்பில் இனிப்பானது. எனினும் காற்றிலும் கழுவாத கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அதிற் சேர்ந்த சில மணி நேரத்திற்குள் புளிப்பு ஆரம்பித்துவிடுகிறது. அதிலுள்ள சர்க்கரை சிதைந்து, பின்னர் மதுவாக மாறுகிறது. கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பே இதைத் தடுப்பது. சுண்ணாம்பு காத்த சாறு பதநீர். காவாத சாறு கள்.

இவ்வேற்றுமை சட்டத்திலும் முக்கியமானது. சேலம் ஜில்லாவில் 1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் மதுவிலக்கு முதன்முதல் அமுலுக்கு வந்தது. 1948-இல் அது சென்னை மாகாணம் முழுமைக்கும் பரவியது. இடையிற் சில மாறுதல்கள் நேர்ந்தபின், தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளிறக்குதல் மீண்டும் தடுக்கப்பட்டது. ஆகையால் சுண்ணாம்பில் அசிரத்தை காட்டுவோர் வருமானத்தை இழப்பதோடு சட்டத்திற்கும் உட்படுவர்.

ஒவ்வொரு முறையும் கலயத்தைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, புதிதாகச் சுண்ணாம்பு பூசவேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கும். புளித்த சாறு எவ்வளவு காய்ச்சினும் இறுகாது பாகாகவே நிற்கும். சுண்ணாம்பு மிகுந்தால் கருப்பட்டியின் நிறமும் சுவையும் கெடும். இதைச் சோதிக்க லிட்மஸ் தாள் போதும். சிவப்புத் தாள் நீலமாக மாறினால் சுண்ணாம்பு வேலை செய்கிறதென்றும், நீலத்தாள் சிவந்தால் சாறு புளித்துவிட்டதென்றும் கொள்ளலாம்.

அடுப்பு

நல்ல பதநீர் 100 லிட்டர் காய்ச்சினால் சுமார் 10 முதல் 12 கிலோ கருப்பட்டி கிடைக்கும். அதாவது ஏறக்குறைய 90 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கியே தீரவேண்டும். இதனாலேயே கூலிக்கு அடுத்தபடியான பெருஞ்செலவு விறகாக இருக்கிறது. நாற்புறமும் திறந்த கல்லடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாகிறது. புகைபோக்கியுடன் கூடிய நீண்ட அடுப்பைக் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வட்டைகளை வைத்தால், முதல் வட்டையைக் கடந்து செல்லும் வெப்பம் இரண்டாவதிலுள்ள பதநீரைச் சூடேற்றும். காய்ச்சுமுன் பதநீரைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டுதல் அவசியம். அடியில் தங்கும் சுண்ணாம்பு வட்டைக்குள் செல்லலாகாது.

பரண்

சித்திரை, வைகாசியில் எல்லோரும் ஒருங்கே விற்பதால் விலை தாழ்கிறது, மழைக்காலத்தில் உயர்கிறது. ஆயினும் கருப்பட்டி ஈரத்தை ஈர்த்துக் கசியும் தன்மையுடையது. அடுப்புப் புகை படும் பரணில் ஓலைப்பெட்டியில் வைக்கும் பழைய வழக்கம் அனுபவத்திற் கண்ட உண்மையேயாகும். சில குடும்பங்கள் சேர்ந்து ஈரமற்ற பொதுக்கிடங்கு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டால், கடன் நெருக்கடியால் மலிவாக விற்கும் அவசியம் குறையும்.

விற்பனையில் மற்றொரு தீமையும் உண்டு. வெள்ளைச் சர்க்கரையைப் பாகிற் கலந்து கருப்பட்டியென விற்பவர்களால், நேர்மையாகக் காய்ச்சுபவர்களின் சரக்கும் சந்தேகத்திற்கு உள்ளாகிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அக்குறியீட்டின் மதிப்பு கலப்படமற்ற சரக்கினாலேயே நிலைபெறும். ஒருவர் செய்யும் கலப்படம் ஊர் முழுவதின் பெயரையும் கெடுக்கும்.

மரம்

நான்காவது நஷ்டமே மிகப் பெரியது. தமிழ்நாட்டின் மாநில மரமாகிய பனை, செங்கற் சூளைகளின் விறகிற்காக ஏராளமாக வெட்டப்பட்டு வந்தது. 2021-ஆம் வருஷத்து வேளாண்மை வரவுசெலவுத் திட்டத்தில், பனையை வெட்டுவதற்குக் கலெக்டரின் அனுமதி பெறவேண்டுமென்றும், 76 லட்சம் பனைவிதைகள் வினியோகிக்கப்படுமென்றும் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி வெட்டப்படும் மரங்களைப் பற்றி உடனே மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பது கிராம அதிகாரிகளின் கடமை.

பனைவிதையை நாற்றங்காலில் வளர்த்துப் பெயர்த்து நடுதல் கடினம். அதன் முளை முதலில் பூமிக்குள் ஆழமாக இறங்குகிறது. ஆகையால் ஆவணி, புரட்டாசியில் உதிரும் பழங்களின் விதைகளைச் சேகரித்து, மழை தொடங்கியதும் வேலியோரத்திலும் ஏரிக்கரையிலும் சுமார் 3 மீட்டர் இடைவெளியில் நேராகவே ஊன்றவேண்டும். பாளைவிட 12 முதல் 15 வருஷங்களோ அதற்கு மேலுமோ ஆகலாம். அலகுப் பனையா பருவப் பனையா என்பதும் அதுவரை தெரியாது. எனவே ஒரே வருஷத்தில் நிறைய ஊன்றி ஓய்ந்துவிடாமல், வருஷந்தோறும் சில விதைகளேனும் ஊன்றி வருதல் நலம்.

மரம் இருந்தும் ஏறுவோர் இல்லாவிட்டால் பயனில்லை. பனையேறி ஒவ்வொரு மரத்திலும் தினம் இருமுறை, பல சமயங்களில் மும்முறை ஏறி இறங்குகிறார். ஒருமுறை கால் தவறினால் குடும்பமே ஆதரவற்றுப் போகும். இக்காரணத்தால் இளைஞர் பலர் இத்தொழிலை விட்டு அகல்கின்றனர். மரத்துச் சொந்தக்காரர்கள் காய்ந்த மட்டைகளைப் பருவத்திற்கு முன்பே கழித்து, பாதுகாப்புக் கயிறு வாங்கிக் கொடுத்து, பனையேறியை நலவாரியத்தில் பதிவு செய்விக்கவேண்டும். பங்கு பிரிப்பதிலும் அவருடைய உழைப்புக்கும் ஆபத்துக்கும் தக்க பாகம் விடவேண்டும். இது தருமமாவதோடு தொழிலுக்குக் காப்புமாகும்.

குறிப்புப் புத்தகம்

வரும் தை மாதம் முதல் ஒவ்வொரு காய்ச்சுமிடத்திலும் சிறு நோட்டுப் புத்தகம் ஒன்று இருப்பது அவசியம். அதில் தினந்தோறும் சீவிய மரங்களின் எண்ணிக்கை, இறக்கிய பதநீர் லிட்டரில், புளித்து வீணானது, எரித்த விறகு, கிடைத்த கருப்பட்டி கிலோவில், விற்ற மாதமும் விலையும் ஆகியவற்றைக் குறித்து வரவேண்டும். 100 லிட்டருக்கு 10 கிலோவுக்குக் குறைவாகக் கிடைத்த நாட்களில் முதலிற் கலயத்தையும் பிறகு அடுப்பையும் சோதிக்கவேண்டும். அடுத்த ஆடியில் இப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் குடியானவருக்கு எந்த வாயிலை முதலில் அடைக்கவேண்டுமென்பது தானே விளங்கும்.