ஓசூர்ப் பகுதிக் கிராமங்களில் நந்தவனம் அமைத்தல்

ஓசூர் வட்டாரத்தில் பூவுக்குப் பஞ்சமில்லை. கடல் மட்டத்திற்குச் சுமார் 3,000 அடி உயரமும், செம்மண் நிலமும், மிதமான வெப்பமும் வாய்த்திருப்பதால், ரோஜாவும் சாமந்தியும் இங்கே திறந்த வயல்களிலும் பசுமைக்குடில்களிலும் விளைந்து, பெங்களூர் வழியாக அயல்நாடுகளுக்கும் செல்கின்றன. இவ்வளவு பூ விளையும் சீமையில், கிராமத்துக் கோயிலில் சாத்தும் மாலையோ பெரும்பாலும் சந்தையில் விலைக்கு வாங்கியதாகவே இருக்கிறது. கோயிலை ஒட்டி முன்னோர் வைத்த நந்தவனம் முட்புதராகவோ, வண்டிகள் நிற்கும் திடலாகவோ மாறியிருப்பதைப் பல ஊர்களில் காணலாம்.

நந்தவனம் என்பது பூப்பறிக்கும் தோட்டம் மாத்திரமன்று. மனச்சஞ்சலம் உள்ளவன் சிறிது நேரம் தனித்திருந்து தன்னை ஆற்றிக்கொள்ளும் இடமும் அதுவே. 1970-ஆம் ஆண்டுகளில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல் ஓசூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இரைச்சலும் புகையும் பெருகி, இரவு வேலை பார்த்துத் திரும்புவோரும் பலராயினர். இவர்களுக்கும், வயதானவர்களுக்கும், நோயிலிருந்து தேறி வருவோருக்கும் அமைதியான ஓர் இடம் முன்னைவிட இப்பொழுதுதான் அதிகம் வேண்டியிருக்கிறது.

தோட்டம் நோயைத் தீர்க்கும் என்று சிலர் மிகைப்படுத்திச் சொல்வதுண்டு. அது மருந்துக்குப் பதிலாகாது. ஆனால் அதனால் அனுகூலம் உண்டு என்பதற்கு ஆதாரமும் இல்லாமற் போகவில்லை. அமெரிக்காவில் ராஜர் உல்ரிச் என்பவர், பென்சில்வேனியா மாகாணத்து மருத்துவமனையொன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றோரின் பதிவேடுகளை ஒப்பிட்டு, 1984-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஜன்னல் வழியாக மரங்களைக் கண்டிருந்த 23 பேர், செங்கற்சுவரை மட்டும் கண்டிருந்த 23 பேரைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர்; கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. எண்ணிக்கை சிறிதாகையால் இதை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. என்றாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெற்றுத் திடலைப் பார்க்கும் கிராமத்தார் இதனை நினைவிற் கொள்வது நலம்.

நம் நாட்டில் இக்கருத்து புதிதன்று. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து மாலை கட்டியதும், திருநாவுக்கரசர் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கியதும் யாவரும் அறிந்தவை. களையெடுப்பதே வழிபாடாகும் என்பதை உழவர்க்கு வேறொருவர் சொல்லத் தேவையில்லை. திருப்புகலூர் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூக்களைப் பறித்து மாலை தொடுத்தார் என்று பெரிய புராணம் கூறும். மரக்கிளையிலும், கொடியிலும், நீரிலும், தரைச் செடியிலும் பூப்பவை என்ற இந்தப் பாகுபாட்டையே நந்தவனத்திற்குத் திட்டமாகக் கொள்ளலாம்.

நிலமும் அமைப்பும்

பத்து சென்ட் நிலம் போதுமானது. ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும், அதாவது 66 அடிக்கு 66 அடி அளந்தால் சரியாகப் பத்து சென்டாகும். மேற்கு எல்லையில் மூன்றும் வடக்கு எல்லையில் இரண்டுமாக, 20 அடிக்கு ஒன்றாகக் கோட்டுப்பூ மரங்களை வைத்தல் வேண்டும். இவ்வாறு செய்தால் காலை வெயில் பூஞ்செடிகளுக்குத் தடையின்றிக் கிடைக்கும். பிற்பகல் நிழல் உட்காருவோர்க்கு உதவும். தெற்கிலும் கிழக்கிலும் பெருமரம் வைத்துவிட்டு, மல்லிகை பூக்கவில்லை என்று குறைப்படுவோர் உண்டு. மகிழம், செண்பகம், மந்தாரை, சரக்கொன்றை, வில்வம் ஆகியவை இவ்விடத்துக்கு ஏற்றவை. செண்பகம் இந்த உயரத்தில் நன்றாக வரும். ஆனால் தண்ணீர் தேங்கினால் பட்டுப்போகும். மரக்குழிகள் மூன்றடிக்குக் குறையாத கனமாயிருக்க வேண்டும். சித்திரை வைகாசியிலேயே குழி வெட்டி ஆறவிட்டு, மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, ஆடியிலாவது, தவறினால் புரட்டாசி மழையிலாவது நடலாம்.

கொடிப்பூவுக்கு முல்லையைக் கிழக்கு வேலியிற் படரவிடுக. குண்டுமல்லிகையை நான்கடி இடைவெளியில், ஓரடிக் குழிகளில் நட்டு, கார்த்திகை நடுவில் கவாத்துச் செய்வது தவறலாகாது. முல்லைக்குக் கவாத்து தை மாத நடுவில். கவாத்துச் செய்யாத மல்லிகை இலைக்காடாய் நிற்குமேயன்றிப் பூ கொடாது. நிலப்பூவுக்கு நந்தியாவட்டை, செம்பருத்தி, கனகாம்பரம், சாமந்தி ஆகியவற்றோடு துளசியும், ஓசூர்ச் சீமைக்கு உரிய தவனமும் மரிக்கொழுந்தும் சேர்த்துக்கொள்ளலாம். நீர்ப்பூவுக்குப் பெருங்குளம் வேண்டியதில்லை. ஆறடிக்கு நான்கடியில் ஒரு தொட்டி கட்டி, அல்லி வைத்து, கொசுப்புழுவைத் தின்னும் சிறு மீன்களை விட்டால் போதும்.

அரளியைப் பற்றி ஒரு வார்த்தை. வறட்சி தாங்குவதாலும் ஆடுமாடு கடிக்காததாலும் இதனை எங்கும் நடுகின்றனர். கோயில் நந்தவனத்தில் இருக்கட்டும். ஆனால் அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. ஆகையால் பள்ளிக்கூடத்திலும் சுகாதார நிலையத்திலும் அதனை நடலாகாது. வெட்டிய கிளைகளை மாட்டுக் கொட்டகை அருகே போடவும் கூடாது.

உட்காரும் இடம் மேற்குப்புறத்து மகிழ மரத்தடியில், பாதைக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி இருப்பது உத்தமம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல்லுக்குக் குறைவில்லையாதலின், ஒன்றரையடி உயரத்தில் கற்பலகை இரண்டு போட்டால் செலவு சொற்பமே. நடைபாதை நேராக ஓடாமல் ஒருமுறையேனும் வளைந்து செல்லட்டும். வாயிலில் நின்றதும் முழுத் தோட்டமும் தெரிந்துவிட்டால், உள்ளே போகத் தோன்றுவதில்லை. சுகாதார நிலையமாயின் சக்கர நாற்காலி செல்லப் பாதை நான்கடி அகலத்தில் சமமாக இருக்க வேண்டும். கற்பலகையைச் சுற்றி அடர்ந்த புதர் வேண்டா. பாம்புக்கு அஞ்சுகிறவனுக்குத் தியானம் கைகூடாது. ஒலிபெருக்கியும் வண்ண விளக்கும் இவ்விடத்தில் வைக்காதிருப்பதே பெரிய உபகாரம். தர்கா, மாதா கோயில் முதலியவற்றிற்கும் இதே அமைப்பு பொருந்தும். பெங்களூர் லால்பாகே 1760-ஆம் ஆண்டு ஹைதர் அலி தொடங்கிய தோட்டந்தானே.

தண்ணீர்

பத்து சென்டில் ஓர் அங்குலம் தண்ணீர் பாய்ச்சுவதற்குச் சுமார் 10,000 லிட்டர் தேவை. பாத்திகள் மூன்றிலொரு பங்கே ஆகையால், வாரம் ஒருமுறை 3,500 லிட்டர் கிடைத்தால் கோடையைக் கடத்திவிடலாம். சருகு மூடாக்குப் போட்டால் இதுவும் குறையும். ஆற்று நீரை நம்புவோர் எச்சரிக்கையாயிருத்தல் அவசியம். நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூர்ப் பக்கத்துச் சாக்கடைக் கழிவையும் ஆலைக் கழிவையும் சுமந்து வந்து, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நின்றதை அண்மை ஆண்டுகளில் யாவரும் கண்டனர். எந்தக் கிணற்று நீரையும் ஆற்று நீரையும் பரிசோதனை செய்வித்த பின்னரே பயன்படுத்துக. இறைவனுக்குச் சாத்தும் பூவில் பூச்சிமருந்து தெளிப்பதும் தகாது. அசுவினி கண்டால் வேப்பங்கொட்டைக் கரைசலே போதும்.

தோட்டக்காரன் ஜீவனம்

மேற்கூறியவை எல்லாம் எளியவை. கடினமானது இனிமேல் வருவதே. நட்ட முதல் வருஷத்தில் உற்சாகத்திற்குக் குறைவிராது. மூன்றாம் வருஷத்தில் தண்ணீர் விட ஆளிராது. நந்தவனங்கள் அழிந்தது செடி பட்டதனால் அன்று, அதைக் காத்தவனுக்குப் பிழைப்பு அற்றுப்போனதனால்தான். பண்டையோர் இதனை நன்றாக அறிந்திருந்தனர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளிற் பல, நந்தவனத்துக்கு மட்டுமின்றி, அதில் உழைப்போரின் உணவுக்கும் உடைக்கும் நிலம் விட்ட செய்தியைச் சொல்லுகின்றன.

ஆகவே நிலமுள்ள மிராசுதார்கள் செடி வாங்கித் தருவதோடு நின்றுவிடாமல், நந்தவனத்தை அடுத்து இருபது முப்பது சென்ட் நிலத்தைத் தோட்டக்காரரின் சொந்தச் சாகுபடிக்குக் குத்தகையின்றி விடுவார்களாயின், சாமந்தியும் கனகாம்பரமும் பயிரிட்டு அவர் ஓரளவு ஜீவிக்கலாம். இது கூலிக்கு முழுதும் ஈடாகாது. மீதியை மாதந்தோறும் ரொக்கமாகக் கொடுக்க ஊரார் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கோயில் நிலமாயின் அறங்காவலர் அல்லது நிர்வாக அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி முன்னதாகப் பெறுவது அவசியம். கிராம நிர்வாக அலுவலர்கள் பழைய நந்தவனத்தின் சர்வே எண்ணையும் பரப்பையும் பதிவேட்டில் சரிபார்த்து, எல்லைக்கல் இருக்கிறதா என்று நேரிற் சென்று பார்ப்பது நலம். மனைப்பிரிவு நெருங்கிய ஊர்களில் இதைத் தள்ளிப்போடலாகாது. கல் நகர்ந்த பிறகு சென்டு கணக்கில் நிலத்தை மீட்பது மிகவும் பிரயாசை.

கோயிலிற் கழியும் மாலைகளை வீசியெறியாமல், நந்தவனத்தின் ஒரு மூலையில் மூன்றடிக் குழி வெட்டிச் சாணக்கரைசலோடு அடுக்கி மூடி வைத்தால் மூன்று நான்கு மாதத்தில் நல்ல எருவாகும். வாழைநாரில் கட்டிய மாலையை அப்படியே போடலாம். பிளாஸ்டிக் நூலும் ஜரிகையும் உள்ளவற்றைப் பிரித்தெடுத்த பின்னரே குழியிலிட வேண்டும்.